ராகு காலத்தில் போன லாரிகள்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உனக்கும் சுமாவுக்கும் கல்யாணத்தைப் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அது ராகு காலம் என்பது உனக்கு அப்புறம்தான் உறைத்தது என்றும், அப்பாவுக்கு மனக்கஷ்டம் என்றால் வேறு நேரம் கேட்டுப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டாம். பதினொரு மணிக்கே இருக்கட்டும். நானும் அம்மாவும் உத்தனப்பள்ளியில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து ஓசூருக்கு வந்துவிடுவோம். கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பையன் பாவம், உங்களுக்காகக் கவலப்படறான். நீங்க அங்க மயக்கம் போட்டு வுழாம இருந்தா சரி" என்றாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், அந்தக் கேலிக்கு அவளுக்கு உரிமை உண்டு.

என் ராகு காலம் உனக்குப் புதிதல்ல. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்ன தலைமை ஆசிரியரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வெளியே வந்து, உன்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தேன். அதற்குள் நீ மூன்று தடவை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாய். தொழிற்பயிற்சியில் சேர்ந்தபோதும் இதே கூத்துதான். அப்போது நீ மீசை முளைத்தவன், கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். வீட்டுக்கு வந்து, "அப்பா படிச்சவரா இல்லியாம்மா?" என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. விழாதது போல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், பேச்சு வேறு எங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமாகப் போகும், டீ குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு எனக்கு ஒரு மெமோ வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "என்னாச்சு?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்றேன். சரியாகத்தான் போனது. ஆனால் ஒன்றுமில்லாமல் இல்லை. நான் லஞ்சம் வாங்கினேன் என்று சந்தேகம். விசாரணை முடியாவிட்டால் ஓய்வு பெறும் நாளன்று என்னைப் போக விடமாட்டார்கள், பென்ஷன் நின்றுவிடும், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றிய பெயரும் போய்விடும். அந்த ஆறு வாரம் நான் சாப்பிட்ட சோறு எதுவும் எனக்கு ருசிக்கவில்லை. அதில் நீயும் இருக்கிறாய், உனக்குத் தெரியாமலே.

என் வேலை என்னவென்று உனக்கு முழுசாகத் தெரியாது, நானும் சொன்னதில்லை. நான் இருந்தது நெடுஞ்சாலையில் இருக்கிற பெரிய சாவடி அல்ல. கர்நாடக எல்லையைக் கடந்து வரும் ஒரு கிளைச் சாலையில், மூங்கில் தடுப்பும், உள்ளே வருகிற வண்டிக்கு என்னுடையது, வெளியே போகிற வண்டிக்கு இன்னொன்று என்று இரண்டு மேஜையும் கொண்ட சின்ன வரிச் சாவடி. இன்றைக்கு அந்த இடத்தில் அது இல்லை. வெளி மாநிலத்திலிருந்து சரக்கு வந்தால், இங்கே அதை முதலில் விற்கிற வியாபாரி விற்பனை வரி கட்ட வேண்டும். அவர் எவ்வளவு சரக்கு வாங்கினார் என்று அவராக வந்து சொல்வாரா? அதற்குத்தான் நான். லாரியை நிறுத்தி, பில்லை வாங்கிப் பார்த்து, வண்டி எண், சரக்கு, மதிப்பு, யாருக்குப் போகிறது, வந்த நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி அனுப்புவேன். அந்தப் பதிவிலிருந்து ஒரு சீட்டு அந்த வியாபாரியின் ஊரில் இருக்கும் வரி அலுவலகத்துக்குப் போகும். அவர் கணக்கில் அந்தச் சரக்கைக் காட்டியிருக்கிறாரா என்று அங்கே ஒத்துப் பார்ப்பார்கள். நான் எழுதாமல் விட்ட லாரி வராத லாரிதான். அதில் வந்த சரக்கு பில் இல்லாமல் விற்றுப்போகும், வரியும் வராது. ஒருத்தருக்கும் தெரியவும் தெரியாது.

எழுபதுகளில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. உனக்கு ஒன்றரை வயது. ஒரு புதன்கிழமை பழைய பதிவேடு தீர்ந்து, புதிய பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். பகல் பன்னிரண்டேகால் இருக்கும். கூட வேலை பார்த்தவர், "ராகு காலம்யா, புது புக்கு, ஒன்றரைக்கு மேல எழுது" என்றார். "லாரி நிக்குது, ராகு வந்து வரி கட்டுவாரா?" என்று சிரித்துக்கொண்டே முதல் வரியை எழுதினேன். நாலு மணிக்கு ஊரிலிருந்து ஆள் வந்தது. மதியம் உனக்குக் காய்ச்சல் ஏறி, கண் சொருகி, வலிப்பு வந்துவிட்டது என்று. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, ராயக்கோட்டைப் பக்கமிருந்து தக்காளிக் கூடை ஏற்றி வந்த லாரியை மறித்து ஏறி, ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று. எத்தனை மணிக்கு வலிப்பு வந்தது என்று கேட்டேன். "பன்னெண்டு, பன்னெண்டேகால் இருக்கும்" என்றான் வந்தவன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீ ஊசி போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். பிழைத்துவிட்டாய். அம்மாவின் புடவையெல்லாம் தக்காளிச் சாறு. அதைத் தூரத்திலிருந்து பார்த்து ரத்தம் என்று நினைத்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேண்டுதல் செய்தேன். இனி ராகு காலத்தில் பேனாவைத் தொட மாட்டேன், பையனை விட்டுவிடு. இவ்வளவுதான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டுதல் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம்.

ஆரம்பத்தில் நான் நாணயமாகத்தான் நடந்துகொண்டேன். ராகு காலத்தில் வரும் லாரிகளின் பில் நகலை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்து, நேரம் முடிந்ததும் உட்கார்ந்து எழுதுவேன். ஒன்றரை மணி நேரத்தில் ஏழெட்டு லாரி, பெரிய விஷயமில்லை. பிறகு ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. கம்பெனி மேல் கம்பெனி வந்தது, லாரியும் வந்தது. பெரிய சாவடியில் கூட்டம் என்று எங்கள் ரோட்டுக்குத் திரும்புகிறவர்கள் அதிகமானார்கள். "நகல் இல்லிங்க சார், திரும்பி வர்றப்ப தர்றன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தரமாட்டார்கள். நானும் துரத்திக்கொண்டு ஓடமாட்டேன். டின்னில் விழுகிற தாள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்த நேரத்தில் முத்திரையைக் குத்தி, தடுப்பைத் தூக்கிவிடுவதோடு சரி என்று ஆகிவிட்டது. ஒரு தப்பு தினமும் நடந்தால் அது வழக்கம் ஆகிவிடுகிறது, பிறகு அதைத் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. மேலதிகாரிகள் வருவார்கள், போவார்கள், பதிவேட்டின் கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். பக்கம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, நடுவில் எந்த நேரம் காணாமல் போயிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

இதில் எனக்கு எத்தனை திமிர் தெரியுமா? நான் ஒரு பைசா வாங்கியதில்லை. டிரைவர்கள் மாம்பழக் கூடை இறக்கினால் திருப்பி ஏற்ற வைப்பேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட மறுநாள் நான் வாங்கிக் கொடுத்துவிடுவேன். ஊரில் கல்யாணம் காட்சி என்று போனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவேன். நேர்மை என்றால் கை நீட்டாமல் இருப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பெரிய இடத்தில் வைத்து ரிப்பேர் ஆனால் மானம் போகும், முதலில் ஒரு மூலையில் வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ, எங்கள் சின்னச் சாவடிக்கு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு, மின்விசிறி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமி அறைக்குக்கூட எங்கள் ஆட்கள் இத்தனை மரியாதை கொடுத்ததில்லை. ஒரு பெண்ணும் பையனும் வந்து, நாங்கள் பதிவேட்டில் எழுதியதை வரி வரியாக அதில் ஏற்றுவார்கள். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். "இதெல்லாம் பணத்தக் கொண்டுபோய்க் கொட்டற வேல. எழுதறது எப்படியும் நாமதான" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கரண்டு போகும்போதெல்லாம் எனக்கு அல்ப சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து கிருஷ்ணகிரி வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, வரச் சொன்னார்கள் என்றான். அங்கே புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி, என்னைவிட இருபது வயதாவது சின்னவர். மேஜை மேல் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளமான கம்ப்யூட்டர்த் தாளை விரித்து வைத்திருந்தார். எந்த நேரத்தில் லாரிக் கூட்டம் அதிகம், எப்போது கூடுதல் ஆள் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக அவர் மணிவாரியாகப் பட்டியல் கேட்டிருக்கிறார். நாங்கள் காலங்காலமாக எழுதி, ஒருத்தரும் படிக்காத "வந்த நேரம்" என்ற கட்டத்தை அந்த மெஷின் ஒன்றுவிடாமல் படித்து அடுக்கிவிட்டது. அதில் என் டியூட்டி நாட்களில் மட்டும் நடுவில் வெள்ளையாக ஒரு இடம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு லாரிகூட இல்லை.

"உக்காருங்க" என்றார். "வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எங்க போறீங்க?"

"எங்கயும் போகறதில்ல மேடம். சீட்லதான் இருப்பன்."

"அப்ப லாரி வராதா?"

"வரும்."

"வந்த லாரி எங்க?"

அவர் அடுத்த தாளைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமைன்னா மூணுலேர்ந்து நாலரை. யாருக்கு எந்த நேரம்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கீங்களா? எவ்வளவு குடுக்கறாங்க?"

தம்பி, அந்தக் கேள்விக்கு ராகு காலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சின்ன வயது அதிகாரிக்கு முன்னால், அரசாங்க வேலையில் நரைத்தவன், ராகுவுக்குப் பயந்து பேனாவை மூடி வைத்தேன் என்று எப்படிச் சொல்வேன்? திருடன் என்று பெயர் வாங்குவதா, முட்டாள் என்று பெயர் வாங்குவதா என்று தடுமாறினேன். கடைசியில் "வேலைப்பளு" என்றேன். அவர் நம்பவில்லை. பதினைந்து நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரும்படி மெமோவையும், அந்தப் பட்டியலின் நகலையும் கையில் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த விளக்கத்திலும் அதே வேலைப்பளுதான். பொய்யை எழுத்தில் கொடுத்தது என் இரண்டாவது முட்டாள்தனம். குற்றச்சாட்டு தயாராகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் திம்மராயப்பா என்ற லாரி டிரைவரை டீக்கடையில் பார்த்தேன். கெலமங்கலத்துக்காரர், பதினைந்து வருஷமாக எங்கள் ரோட்டில் ஓடுகிறவர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். மனசு தாங்காமல் அவரிடம், "நான் எழுதாத நேரத்துல நெறைய வண்டி போகுதாமே?" என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "என்னா சார் இப்டி கேக்கறீங்க! அத்திப்பள்ளி ஓட்டல்ல கல்லா மேல தமிழ்க் காலண்டர் மாட்டிக்கினு இருக்குதே, எதுக்குன்னு நெனச்சீங்க? கன்னடத்துக்காரன் ஓட்டல்ல தமிழ்க் காலண்டர்! அதப் பாத்துட்டுதான் வண்டி எடுக்கறது. பில்லு இருக்கறவன் எப்ப வேணா வருவான். இல்லாதவன் தோசை துன்னுக்கினு ஒக்காந்திருப்பான். நேரம் வந்ததும், 'ஆய்த்து, ஆச்சுப்பா, சாமி டைம் ஸ்டார்ட்'னு எல்லாம் எழுந்துருவாங்கோ." பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. "உங்களக் கெட்டவர்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான் சார். காசு வாங்காத சாமி" என்றார். எனக்கு அழுகை வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் என் வேண்டுதல் தெரிந்திருக்கிறது. அதில் தோசை வியாபாரம் நடந்திருக்கிறது. என் வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்குத் தெரிந்ததும் அந்த வாரம்தான். மெமோவை ட்ரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா துணி எடுக்கப்போய் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு மெமோவின் ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் கூடவே மடித்து வைத்திருந்த பட்டியலில் கிழமையும் மணியும் புரிந்தது. சமையல்கட்டிலிருந்து கேட்டாள்: "ஏங்க, ராகு காலத்த எதுக்கு இவ்ளோ நீளமா கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்காங்க?" பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு மாதம் மூளையைக் கசக்கிய விஷயம் அவளுக்கு அரிசி களைகிற நேரத்தில் புரிந்துவிட்டது. தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிறவள் அவள்தானே. அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அன்னிக்கிப் புள்ளைக்கு ஊசி போட்டது ஒரு நர்சம்மா. அந்த மருந்து அரசாங்கத்து மருந்து. அத வாங்கறதுக்குத்தான நீங்க அங்க ஒக்காந்து வரி வசூல் பண்றீங்க? அவங்களுக்கு ஒரு கும்பிடு போடாம ராகுவுக்குப் போட்டுக்கினு இருந்தீங்களா இவ்ளோ நாளா?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நாளைக்கே போங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. முட்டாள்னு சொன்னா சொல்லட்டும், நான் எத்தினி தடவ சொல்லியிருக்கறன், உங்களுக்கு என்னா ஆச்சி?" என்றாள்.

மறுநாள் ஏழு காலண்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். அதிகாரியின் மேஜையில் அவற்றைக் கிழமை வாரியாக வைத்தேன். அவர் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திங்கள், ஏழரை முதல் ஒன்பது. சனி, ஒன்பது முதல் பத்தரை. புதன், பன்னிரண்டு முதல் ஒன்றரை. விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன், நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் காலண்டர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பேசினார். "லஞ்சம் வாங்கறவன் பணம் எப்ப வருதோ அப்பதான் தடுப்பத் தூக்குவான். ஒரு நாள் காலைல, ஒரு நாள் சாயந்தரம். ஆளுக்குத் தகுந்த மாதிரி நேரம் மாறும். நீங்க ஒரு நிமிஷம்கூட மாறல. அந்த நேரத்துல நீங்க விட்ட வண்டிகளப் பத்தி விசாரிச்சேன், ஒரு கம்பெனிக்கு மட்டும் போகல, ஊருக்கெல்லாம் போயிருக்குது. நீங்க காசு வாங்கலன்னு நான் நம்பறேன் சார்." நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க காசு வாங்கியிருந்தா, குடுத்தவன் வண்டி மட்டும் போயிருக்கும். அரசாங்கத்துக்கு நஷ்டம் இதவிடக் கம்மியா இருந்திருக்கும்."

அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. நிற்கட்டும், அது அங்கே இருக்க வேண்டியதுதான். உனக்கும் அதைச் சொல்லிவைக்கிறேன். நாளைக்கு நீ குடும்பஸ்தன். கெட்ட எண்ணம் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் தலை நிமிர்ந்து திரியாதே. நம்முடைய ஒரு பயத்துக்காக, ஒரு பழக்கத்துக்காக யார் எங்கே என்ன இழக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சுமா சொன்னால் கேட்டுக்கொள். உன் மனசில் இருப்பதை அவளிடம் முதல் வருஷமே சொல்லிவிடு, என்னைப் போல் இருபத்தைந்து வருஷம் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைக்காதே.

விசாரணை கண்டனத்தோடு முடிந்தது. பணிப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். பென்ஷனுக்குக் குறையில்லை. ராயக்கோட்டை வழியாக வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காரும் அளவுக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அம்மா வாசலில் நின்றிருந்தாள். "கண்டனம்னா என்னா?" என்றாள். "எழுத்துல திட்டறது" என்றேன். "இவ்ளோதானா, அத நான் தெனம் வாயாலயே குடுக்கறனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நெடுநேரம் அழுதாள். அன்றைக்குச் சாப்பிட்ட கொள்ளு ரசத்தின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் என்னைக் கம்ப்யூட்டரிலேயே உட்காரச் சொல்லி உத்தரவு. இனிமேல் பதிவேட்டில் எழுதி அப்புறம் ஏற்றுவது கிடையாது, லாரி வந்து நின்றதும் நேராக மெஷினில் அடிக்க வேண்டும், நேரத்தை மெஷினே போட்டுக்கொள்ளும். பதிவேட்டை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடிப்பேன். டிரைவர்கள் பொறுமையாக நிற்பார்கள், சிலர் எழுத்து இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பார்கள். மற்றவர்கள் நினைத்ததுபோல் அது மாயமந்திரம் எதுவும் செய்யவில்லை, தம்பி. பில்லிலேயே பொய் எழுதி வந்தால் அதுவும் பொய்யைத்தான் வாங்கிக்கொண்டது. திருட்டுப் புத்திக்காரர்கள் வேறு ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கத்து வியாபாரிகளின் கணக்கில் அதுவரை காணாத சரக்கெல்லாம் காணத் தொடங்கியது, வரியும் ஏறியது. எவ்வளவு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த மெஷினுக்கு நல்ல நேரமும் இல்லை, கெட்ட நேரமும் இல்லை. எல்லா லாரிக்கும் ஒரே மாதிரி. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, எதற்கும் காவல் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் நாள் அப்படி இல்லை. முதல் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு ஒரு டைல்ஸ் லாரி வந்து நின்றது. பில்லை வாங்கினேன். இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டேன். அந்தப் பெண், "என்னா சார், குளுருதா?" என்றாள். வண்டி எண்ணை அடித்தேன், சரக்கை அடித்தேன், மதிப்பை அடித்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் நேரம் வந்து நின்றது, பத்து முப்பத்தெட்டு. நான் செய்திருந்த வேண்டுதலை என் கையாலேயே உடைத்துவிட்டேன். லாரி போயிற்று. "ரெண்டு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். செருப்புப் போட மறந்துவிட்டேன்.

அன்றைக்கு உன் கம்பெனிக்கு ஒரு போன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஷிப்டில் மெஷினை நிறுத்திவிட்டு உன்னைச் சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நீ மூச்சு வாங்க வந்து, "யாருங்க?" என்றாய். "நான்தான்" என்றேன். "என்னாப்பா? அம்மாக்கு என்னா?" என்று பதறினாய். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, வேலை நேரத்தில் சும்மா போன் பண்ணி மானத்தை வாங்குகிறாயே என்று குதித்தாய். அம்மாவும் உன்னோடு சேர்ந்துகொண்டு என்னைத் திட்டினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

நீ உயிரோடு இருக்கிறாயா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன், தம்பி. பின்னால் உன் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தோடு உன் குரலைக் கேட்டேன். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து அடுத்த லாரியை அடித்தேன்.

அப்பா